பால்வினைத் தொற்று: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலுறவு வழியாகப் பரவும் கிருமிகள் 30-க்கும் மேல் உண்டு. அதிகம் தென்படுபவை எட்டு. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் நான்கும் மருந்தால் முழுசாகக் குணமாகும். ஹெர்பிஸ், எச்.பி.வி. (மருவுக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம்), எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்குவது) நான்கும் வைரஸ். கட்டுக்குள் வைக்கலாம், அவற்றில் இரண்டுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. மலை ஏறியதால் இந்தக் கிருமிகளின் குணம் மாறுவதில்லை. இங்கே மாறுவது, ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் கழித்து வருகிறோம் என்பதுதான். கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்தத் தாமதத்தைச் சுற்றியே வருகின்றன.

ஒன்றுக்குப் போனால் எரிகிறது. சூடு பிடித்திருக்கும், இளநீர் குடி என்கிறார்கள். போதுமா?

ஆணுக்கு ஒரு பதில், பெண்ணுக்கு ஒரு பதில்.

ஆணுக்கு எரிச்சலோடு குறியின் நுனியில் சீழ் கசிந்தால், உள்ளாடையில் மஞ்சள் கறை பட்டால், அது சூடு இல்லை. உறவு வைத்த 2 முதல் 7 நாளுக்குள் கெட்டியான சீழ் வந்தால் பெரும்பாலும் கொனோரியா. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, தண்ணீர் மாதிரி, காலையில் மட்டும் ஒரு சொட்டு என்று வந்தால் கிளமிடியாவாக இருக்கலாம். இரண்டும் ஜோடியாகத் தொற்றுவது சகஜம். அதனால் மருந்தும் இரண்டுக்கும் சேர்த்தே கொடுப்பார்கள். சீழ் தானாக நின்றுவிட்டால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. விரையை ஒட்டிய குழாய்க்கு ஏறி அங்கே வீக்கமாகத் தலைகாட்டும்.

பெண்ணுக்கு வெறும் எரிச்சல் மட்டும் என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பாதைத் தொற்று. தேயிலைக் காட்டில் இலை பறிப்பவர்களுக்கு இது ஓயாத தொல்லை. குளிரில் தாகம் எடுக்காது, தண்ணீர் குடிப்பதில்லை. காட்டில் ஒதுங்க இடமில்லாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்கிறார்கள். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும், சில நாள் மாத்திரையில் தீரும். இதைப் பால்வினை நோய் என்று நினைத்துப் புருஷனைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் எரிச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தக் கசிவு என்று எது சேர்ந்தாலும் உள்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

குறியில் ஒரு புண் வந்தது. வலிக்கவே இல்லை. மூன்று வாரத்தில் தானே ஆறிவிட்டது. இனிக் கவலை இல்லைதானே?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். வலிக்கிற புண்ணுக்கு ஆள் ஓடி வந்துவிடுவார். வலிக்காத புண்தான் ஆபத்து. ஒற்றையாக, ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக, வலியில்லாமல் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிபிலிஸ். கிருமி புகுந்த 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், புண் வரும். மருந்தே இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறியும் விடும். பெண்ணுக்கு உள்ளே கர்ப்பப்பை வாயில் வந்தால் வந்ததே தெரியாது.

புண் ஆறிச் சில வாரம், சில மாதம் கழித்து இரண்டாம் கட்டம்: உடம்பெங்கும் அரிப்பில்லாத தடிப்பு, குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்; கொத்தாக முடி உதிர்வது; வாயில் வெள்ளைத் திட்டுகள்; காய்ச்சல். உள்ளங்கைத் தடிப்பை இலை பறித்ததால் வந்தது, மருந்தடித்ததால் வந்த அலர்ஜி என்று களிம்பு போட்டு மாதங்களை ஓட்டிவிடுவார்கள். அதுவும் தானே மறையும். பிறகு வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் இருக்காது. சிலருக்குப் பத்து, இருபது வருடம் கழித்து இதயத்தின் பெரிய ரத்தக்குழாயையோ மூளையையோ தாக்கும். கண்ணையும் காதையும் மூளையையும் ஆரம்பக் கட்டத்திலேயே தாக்குவதும் உண்டு. திடீரென்று பார்வை மங்கினால், காது அடைத்தால் அதே நாளில் போக வேண்டும்.

கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இரண்டு வகை. ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். ஒன்று, டி.பி.எச்.ஏ. மற்றொன்று. டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டும். அதைப் பார்த்து, குணமாகவில்லை என்று மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. குணமாவதை அளப்பது ஆர்.பி.ஆர். அளவு. 1:32 என்று இருந்தது 1:8 ஆக இறங்கினால் நான்கு மடங்கு குறைந்தது என்று கணக்கு. 6 மாதத்திலும் 12 மாதத்திலும், முடிந்தால் அதே லேபில், எடுத்துப் பார்க்க வேண்டும்.

மருந்து பழையதுதான்: பென்சதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்புத் தசையில். ஒரு வருடத்துக்குள் வந்த தொற்றுக்கு ஒரே தடவை. அதற்கு மேல் ஆனது, அல்லது எப்போது வந்தது என்று தெரியாதது என்றால் வாரம் ஒன்று வீதம் மூன்று வாரம். இந்த மருந்து தூளாக வரும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசியில், மெதுவாகத்தான் போடுவார்கள். இரண்டு நாள் வலிக்கும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அலர்ஜி உண்டா என்று கேட்டு, டெஸ்ட் டோஸ் பார்த்து, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். அலர்ஜி வந்தால் மருந்து கொடுக்க ஆள் இருக்கிற இடம் அதுதான். அன்று இரவு நடுக்கலும் காய்ச்சலும் வந்தால் பயப்பட வேண்டாம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வருவது அது. பாராசிட்டமால் போதும், 24 மணி நேரத்தில் அடங்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் கலர் போட்ட ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது என்ன?

லேப் முடிவுக்குக் காத்திராமல், அறிகுறியை வைத்தே அன்றே மருந்து கொடுக்கும் ஏற்பாடு அது. தூரத்திலிருந்து வருகிறவர் திரும்பி வராமல் போய்விடுவார் என்பதுதான் காரணம். ஏழு நிறங்கள். சீழுக்குச் சாம்பல்: செஃபிக்சிம் 400 மில்லிகிராம், அசித்ரோமைசின் 1 கிராம், இரண்டும் ஒரே வேளை. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். கொப்புளமில்லாத புண்ணுக்கு வெள்ளை, அதில் மேலே சொன்ன பென்சிலின் ஊசியும் அசித்ரோமைசினும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீலம், 15 நாள் டாக்சிசைக்ளின். ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், தினம் 3 வேளை, 7 நாள். பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள், 14 நாள். தொடை இடுக்கில் நெறி கட்டினால் கறுப்பு, 21 நாள்.

வழிகாட்டுதல்கள் அவ்வப்போது மாறும், டாக்டர் வேறு மருந்து எழுதினால் அதையே பின்பற்றுங்கள். ஒரே வேளை மருந்தை அங்கேயே, செவிலியர் எதிரில் விழுங்கிவிடுவது நல்லது. 14, 21 நாள் பாக்கெட்டில்தான் கோளாறு நடக்கிறது: நாலாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடுவார்கள். செக்னிடசோல், மஞ்சள் பாக்கெட்டில் வரும் மெட்ரனிடசோல் எடுக்கும் நாட்களில் குளிருக்கு இதமாக ஒரு கட்டிங் என்பதும் வேண்டாம். சிலருக்கு வாந்தியும் படபடப்பும் வரும்.

டாக்சிசைக்ளின் சாப்பிட ஆரம்பித்ததும் முகமும் கையும் வெந்த மாதிரி ஆகிவிட்டது. அலர்ஜியா?

பெரும்பாலும் வெயில். இந்த மாத்திரை தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். காற்று சில்லென்று இருப்பதால் சுடுவது தெரியாது. கேரட் காட்டில், தேயிலைக் காட்டில் வேலை என்றால் முழுக்கை, தலைத்துண்டு, தொப்பி. பாலோடும், இரும்பு, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்க வேண்டாம், மருந்து உடம்பில் ஏறாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கிடையாது.

மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினால் ஆகாதா?

ஆகாது. கடையில் பழக்கத்தில் எடுத்துக் கொடுக்கும் சிப்ரோஃபிளாக்சசினுக்குக் கொனோரியா எப்போதோ அசையாமல் போய்விட்டது. அரைகுறை மருந்து சீழை நிறுத்தும், கிருமியை வளர்க்கும், அடுத்த பரிசோதனையைக் குழப்பும். ஸ்டீராய்டு கலந்த அரிப்புக் களிம்பு இன்னும் மோசம். மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு, 'ஆண்மைக் குறைவு, வெட்டை, மேகம் அனைத்துக்கும் ஒரே மருந்து' என்கிறவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயே இல்லை. அதற்கு எந்த லேகியமும் வேண்டாம்.

சின்ன ஊர். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கோயம்புத்தூர் போய்விடட்டுமா?

போவதென்றால் போங்கள், தள்ளிப் போடாமல் போங்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், மறுபடி ரத்தம் எடுக்க இன்னொரு நாள். முதல் தடவை போகிறவர்களில் பலர் இரண்டாம் தடவை போவதில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் விசாரியுங்கள். பால்வினை நோய்ச் சிகிச்சைக்குச் சுகவாழ்வு மையம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். நோயின் பெயரை டோக்கன் ஜன்னலில் சொல்ல வேண்டியதில்லை, "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். எங்கே போவது என்று முன்னாலேயே கேட்க 1097, எச்.ஐ.வி. பற்றிய இலவசத் தொலைபேசி; 104, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரளாவில் உள்ள சுல்தான் பத்தேரி போவதும் வழக்கம்தான். எங்கே காட்டினாலும் மருந்துப் பெயர் எழுதிய சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியில் சொல்லக்கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. எஸ்டேட் நிர்வாகத்துக்கும் இது பொருந்தும்.

ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

மணியைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முதல் சில மணி நேரம் என்றால் மிக நல்லது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கள்கிழமை ஓ.பி. திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்கே போகலாம். மழையில் மலைப்பாதை அடைத்துக்கொள்ளும் மாதங்களில் அந்த 72 மணி நேரம் இன்னும் சுருங்கும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தே ஆக வேண்டும், அது சட்டம். சம்மதத்தோடு நடந்த உறவு என்றால் சில இடங்களில் சீட்டு வாங்கி வெளியே மருந்து வாங்க வேண்டி வரலாம்.

கர்ப்பம் தங்கும் பயம் இருந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையும் அதே 72 மணி நேரத்துக்குள். டெட்டால் ஊற்றிக் கழுவுவது, உள்ளே சோப்புப் போடுவது எதுவும் தடுக்காது, சவ்வைப் புண்ணாக்கித் தொற்றுக்கு வழிவிடும்.

ஆணுறை ஏன் கிழிகிறது?

மலையில் முதல் சந்தேகம் வாசலின் மேல். குளிரில் உதடு, கை, கால் வெடிப்புக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாத வீடு இல்லை. அந்தக் கையாலேயே ஆணுறையை எடுத்துப் போடுவார்கள், அல்லது வழுக்கலுக்கென்றே தடவுவார்கள். லேட்டக்ஸ் ரப்பர் எண்ணெய் பட்ட சில நிமிடத்திலேயே பலமிழக்கும். கையைச் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டு எடுங்கள். வழுக்கல் வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல். நீலகிரித் தைலத்தை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, சூடு. இங்கே அறை குளிர்ச்சிதான். ஆனால் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டியின் டேஷ்போர்டில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டும், பின்பாக்கெட் பர்ஸில் நசுங்கியதும் நம்பத் தகுந்தவை அல்ல. மூன்றாவது, போடும் முறை. தேதியைப் பாருங்கள், பாக்கெட்டை அமுக்கினால் காற்று இருக்க வேண்டும், பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கிழியுங்கள், நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்டுங்கள், முடிந்ததும் விறைப்பு போகும் முன் அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்று எடுங்கள். இரண்டு சேர்த்துப் போட்டால் உரசிக் கிழியும். அரசு ஆஸ்பத்திரியில் நிரோத் ஆணுறை இலவசம்.

மூடிய இடத்துக்குத்தான் ஆணுறை காவல். ஹெர்பிஸ், சிபிலிஸ் புண், மரு ஆகியவை மூடாத தோலிலிருந்தும் பரவும்.

எத்தனை நாள் கழித்து டெஸ்ட் எடுத்தால் சரியாக இருக்கும்?

நேற்று நடந்ததற்கு இன்று எடுத்தால் பழைய நிலவரம்தான் தெரியும். விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் எச்.ஐ.வி. பரிசோதனை உறுதியாகச் சொல்ல 90 நாள் வேண்டும். நான்காம் தலைமுறை லேப் பரிசோதனை (வைரஸின் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பது) 18 முதல் 45 நாளுக்குள் காட்டும். நம்பிக்கை மையத்தில் ஒரு கருவி பாசிட்டிவ் காட்டினால் அதோடு முடிவு சொல்லமாட்டார்கள். வேறு வேறு மூன்று கருவியில் பார்ப்பார்கள். சிபிலிஸுக்கு இன்றும் 3 மாதம் கழித்தும். கொனோரியா, கிளமிடியாவுக்கு இரண்டு வாரம் போதும்.

வெள்ளைப்படுதல் எல்லாமே நோயா?

இல்லை. மாதவிடாய் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வருவது இயல்பு. தயிர் திரிந்த மாதிரி, கடும் அரிப்போடு வந்தால் பூஞ்சை. திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். மீன் நாற்றத்தோடு சாம்பல் நிறமாக வருவது உள்ளே இருக்கும் நல்ல கிருமிகளின் சமநிலை குலைந்ததால். இந்த இரண்டும் பால்வினை நோய் வகையில் சேராது. நுரைத்து, பச்சை மஞ்சளாக வந்தால் டிரைக்கோமோனாஸ். அதற்குக் கணவருக்கும் மருந்து வேண்டும். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு எதுவுமே காட்டாமல் கருக்குழாயை அடைத்துவிடும். குழந்தை இல்லை என்று வரும் தம்பதிகளில் சிலருக்குக் காரணம் அங்கே இருக்கிறது.

மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிறு பிடுங்கி, மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கருக்குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்திருக்கலாம்.

இடுக்கில் அரிப்பு. பால்வினை நோயா?

மழைக்காலத்தில் கேட்டால் பாதிப் பேருக்குப் படர்தாமரைதான். ஜூன் முதல் மஞ்சும் மழையும் விடாது, ஜட்டி காயாது, ஈரத்தோடே போடுவார்கள். காயாததை இஸ்திரி போட்டு உடுத்துங்கள்.

இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கு, தொப்புள், குறித்தோல் என்று சின்னச் சின்னக் கொப்புளமும் முடிச்சும் இருந்தால் சிரங்கு. உடலுறவிலும் பரவும், ஒரே கம்பளிக்குள் படுத்தாலும் பரவும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்துக்குக் கீழே நகக்கண் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பளியைத் துவைத்துக் காய வைக்க வெயில் இல்லையா? பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். ஆள் தோல் கிடைக்காமல் பூச்சி செத்துவிடும்.

எனக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரிக்கும் வேண்டுமா? அவளுக்கு ஒன்றுமில்லையே.

வேண்டும். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் இந்த நோய்களின் வழக்கம். கொனோரியா, கிளமிடியா என்றால் கடந்த 2 மாதத்தில் உறவு வைத்த எல்லோருக்கும். சிபிலிஸ் என்றால் 3 மாதம், சில சமயம் அதற்கு மேலும். இருவரும் மருந்து முடித்து 7 நாள் வரை உறவு வேண்டாம். உங்கள் மாத்திரையில் பாதியைக் கொடுப்பது இருவரையும் கெடுக்கும். சொல்லத் தயக்கம் என்றால் ஆலோசகரிடம் சொல்லுங்கள், பேச்சை எப்படி எடுப்பது என்று உதவுவார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பரிசோதனையை வைத்துச் சொல்ல முடியாது; அந்த வழக்கை வீட்டில் நடத்தாதீர்கள்.

கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். எல்லாம் எதற்கு?

சந்தேகப்பட்டு எடுப்பதில்லை, எல்லோருக்கும் எடுப்பதுதான். சிபிலிஸ் இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம்; பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே பென்சிலின் போட்டால் காப்பாற்றலாம். எச்.ஐ.வி. மருந்தில்லாமல் விட்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மருந்தோடு 5 சதவீதத்துக்கும் கீழே. ஹெபடைட்டிஸ் பி இருந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி. முதல் மூன்று மாதத்திலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் மாதம் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் நாள் கைநழுவிப் போகும்.

எச்.பி.வி. தடுப்பூசி யாருக்கு?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகை எச்.பி.வி.தான் காரணம். 9 முதல் 14 வயதுக்குள் என்றால் 6 மாத இடைவெளியில் இரண்டு ஊசி, 15 வயது முதல் மூன்று. உறவு தொடங்கும் முன் போட்டால்தான் முழுப் பலன். போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது சில நிமிட வேலை. ஹெபடைட்டிஸ் பி ஊசி பெரியவர்களுக்கு 0, 1, 6 என்ற மாதக் கணக்கில்.

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. இந்தியாவில் முதன்முதலில் சென்னையில் 1986-இல் கண்டறியப்பட்டபோது கொடுக்க மருந்து இல்லை. இன்று தினம் ஒரு மாத்திரை, இலவசம். வைரஸ் அளவு ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றால் உடலுறவில் துணைக்குப் பரவுவதில்லை. மாத்திரை விட்டுப்போகாமல் இருப்பதுதான் வேலை. சீசனில் லீவு கிடைக்காது என்பவர்கள் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டால், நிலைமை சீராக இருப்பவர்களுக்குச் சில மாத மாத்திரையைச் சேர்த்தே தருவார்கள்.

18 வயது ஆகாதவர் வந்தால்?

சிகிச்சை கிடைக்கும். ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள், வராமல் இருந்துவிடாதீர்கள். 1098-இல் குழந்தைகளுக்கு உதவி கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பையனுக்குத் திடீரென்று ஒரு விரையில் தாங்க முடியாத வலி வந்தால் அது தொற்று அல்லாமல் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரை போய்விடும். வெட்கப்பட்டு விடியும்வரை படுத்திருக்கக் கூடாது.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, கொசு, ஒரே டம்ளர்?

பரவாது.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஆண்கள் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் போங்கள், சீழ் கழுவிப் போய்விட்டால் எடுக்க ஒன்றும் இருக்காது. பெண்கள் உள்ளே கழுவ வேண்டாம். மாதவிடாய் முடிந்து போவது வசதி, ஆனால் வலியோ காய்ச்சலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். புண்ணில் மஞ்சள், தைலம், களிம்பு எதுவும் பூசாதீர்கள். ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைசியாக உறவு எப்போது, வாய்வழி, ஆசனவாய்வழி உண்டா, ஆணோடா பெண்ணோடா என்று கேட்பார்கள். எங்கே பஞ்சு வைத்து மாதிரி எடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். பெண் டாக்டர் வேண்டும், அல்லது ஆண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். அன்று இல்லையென்றால் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சீழோ புண்ணோ இருந்தால் மட்டும் காத்திராமல் அன்று இருக்கிற டாக்டரிடமே காட்டிவிடுங்கள்.